முதலிற் காப்பு; பின்னரே முத்தம்

குளிர்காலத்திற் பச்சிளங் குழந்தையைப் பேணும் முறை

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் பத்துப் பருவங்களை உடையது என்பதை நம் கல்லூரியின் தமிழ் வகுப்பிலே பயின்றவர்கள் மறந்திரார்கள். அப்பத்தினுள் முதற்கண் வைக்கப்பட்டது காப்புப் பருவம். குழந்தைக்கு யாதொரு தீங்கும் நேராவண்ணம் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுவது அது. குழந்தையை நோக்கி முத்தந் தருமாறு இரந்து நிற்கும் முத்தப் பருவமோ ஐந்தாவதாகவே வருகின்றது. திங்கட் கணக்கிற் கூறுமிடத்துக் காப்பு மூன்றாந் திங்களுக்கும், முத்தம் பதினோராந் திங்களுக்கும் உரியன என்பது பெருவழக்கு. இவ்வரிசையை வகுத்த புலவர்கள் நோய்க்கிருமியைக் கண்டவர்கள் அல்லர். ஆதலின் அவர்கள் மருத்துவ விதியைக் கருதியே அவ்வாறு அமைத்தனர் என்று யாம் சாதிக்க வரவில்லை. எனினும், இன்றைய மருத்துவம் பச்சிளங் குழந்தைக்கு விதிப்பதும் அதே வரிசைதான்: முதலிற் காப்பு, பின்னரே முத்தம். இவ்வொரு வாக்கியத்தை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியின் குளிரும் காய்ச்சலும்

கண்டி மாநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், அந்தனை முதலிய மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 18 பாகை செல்சியசு அளவிற்கு இறங்குவதுண்டு. நுவரெலியாவின் கடுங்குளிரோடு ஒப்பிடின் இது பெரிதன்று. ஆயினும், வடகீழ்ப் பருவ மழையும் மாலைப் பனியும் சேர்ந்து வரும் அந்நாள்களில் தடிமன், இருமல், காய்ச்சல் என்பன வீடுதோறும் விருந்தாளிகளாய் வந்து தங்குவதை யாவரும் அறிவோம்.

இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையில் ஆண்டு முழுவதும் காணப்படினும், இரண்டு பருவங்களிற் சிறப்பாகப் பெருகுகின்றது. சித்திரை, வைகாசி மாதங்களை ஒட்டி ஒரு முறையும், கார்த்திகை முதல் தை ஈறாக மற்றொரு முறையும் அது தலையெடுக்கும். குளிர் தானாகவே நோயை உண்டாக்குவதில்லை. நோயை உண்டாக்குவது வைரசு என்னும் நுண்கிருமி. குளிருக்கும் மழைக்கும் அஞ்சி நாம் சாளரங்களை அடைத்து, ஓரறையிற் பலராய்க் கூடியிருக்கும்போது அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் எளிதிற் செல்லுகின்றது. மேலும், மார்கழி விடுமுறையிற் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சுற்றத்தார் கண்டிக்கு வருவதும், கண்டியிலுள்ளோர் அங்குச் செல்வதும், தைப்பொங்கலுக்குக் கூடுவதும் அப்பருவத்திலேயே நிகழ்கின்றன. நெரிசல் மிக்க பேருந்திற் பயணஞ் செய்து வருபவர் பலகாரப் பெட்டியோடு காய்ச்சலையும் உடன்கொண்டு வருதல் கூடும்.

இன்புளுவென்சாவை வெறுந் தடிமன் என்று எண்ணி இகழ்தல் தகாது. 1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய அந்நோய் நம் தீவையும் விட்டுவைக்கவில்லை. ஊர்களிலும் தோட்டங்களிலும் பல்லாயிரம் உயிர்களை அது கொள்ளைகொண்டது. 1957 இலும் 2009 இலும் அதே நோய் புதுவடிவங்கொண்டு உலகைச் சுற்றி வந்தது. வளர்ந்தோர் பலர் ஒரு வாரத்திற் குணமடைந்து எழுந்துவிடுவர். ஆனாற் பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் நிலை வேறு. அது ஏன் என்பதை ஆராய்வோம்.

சிறு குழலும் சிறு கணக்கும்

காற்றோ நீரோ ஒரு குழாயினூடாகச் செல்லும்போது எதிர்ப்படும் தடை, குழாயின் ஆரை குறையக் குறைய நான்காம் அடுக்கில் ஏறும் என்பது பௌதிகத்தில் நாம் படித்த விதி. சுவாசக் குழலின் குறுக்களவு வளர்ந்தவர் ஒருவருக்கு 8 மில்லிமீற்றர் என்றும், குழந்தைக்கு 4 மில்லிமீற்றர் என்றும் கணக்கிற்காகக் கொள்வோம். தடிமன் பிடித்துக் குழலின் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்குகின்றது என்க. வளர்ந்தவரின் குழல் 6 மில்லிமீற்றராகச் சுருங்கும். அவருக்குத் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். குழந்தையின் குழலோ 2 மில்லிமீற்றராகி, ஆரை பாதியாய்க் குறைந்துவிடும். அதன் தடை பதினாறு மடங்காகும். பாட்டனாருக்கு இரு தும்மலோடு போகும் தடிமன் பேரனுக்கு மூச்சுத் திணறலாய் முடிவது இக்கணக்கினாலேயே.

அன்றியும், பச்சிளங் குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கின்றது. மூக்கடைத்தால் வாய்வழியே மூச்சுவிட அது எளிதில் அறியாது. பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டிருப்பதாற் குடிப்பதை விட்டுவிட்டு அழும். குடியாமையால் உடல் வரளும்; வரட்சியால் மேலும் சோரும். சின்னஞ்சிறு சுவாசக் கிளைக்குழல்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரசு பெரியவர்களிடத்திற் சாதாரணத் தடிமனாகவே தோன்றும். குழந்தையிடத்தில் அதுவே இழுப்பையும் சுவாசப்பை அழற்சியையும் விளைவிக்கும்.

மருந்து எட்டாத காலம்

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டாற் போதாதோ என்று வினவலாம். நம் நாட்டிற் பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. ஊசி காசநோயைக் குறித்தது. குக்கல் முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டு ஊசி இரண்டு மாதம் நிறைந்த பின்னரே தொடங்கி, நான்காம், ஆறாம் மாதங்களில் முற்றுப்பெறும். இன்புளுவென்சாத் தடுப்பூசியோ ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு இடத்தக்கதன்று. ஆகவே, ஆபத்து மிகுந்த முதல் வாரங்களிற் குழந்தைக்கென்று நேரே கட்டத்தக்க காப்பு மிகச் சிலவே.

அக்காலத்திற்கு இயற்கை தந்த செல்வம் ஒன்றுண்டு. தாயின் குருதியிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவின் கடைசி மூன்று மாதங்களில் நச்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேர்கின்றன. ஆயினும் அது கடன்பெற்ற செல்வமே. மாதந்தோறும் தேய்ந்துகொண்டு வரும். மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கு அதுவும் குறைவாகவே கிடைத்திருக்கும். இதனாலேயே கர்ப்பிணிகளுக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி இடுதலை முதன்மையாகக் கொள்ளவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2012 இல் அறிவுறுத்தியது. தாய்க்கு இடும் ஊசி பிறக்கவிருக்கும் பிள்ளைக்கும் காப்பாகும். ஆர்.எஸ்.வி. நோய்க்கெதிராகக் கர்ப்பிணிகளுக்கு இடும் தடுப்பூசியும் 2023 முதல் மேனாடுகள் சிலவற்றிற் பயன்பட்டு வருகின்றது. குழந்தையை எதிர்நோக்கும் குடும்பத்தார் இவைபற்றிக் கர்ப்பவதிகள் சிகிச்சை நிலையத்து வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

எஞ்சிய காப்பு யாது? சூழவுள்ள மனிதரே. தாய், தந்தை, பாட்டன், பாட்டி, பள்ளி செல்லும் தமையன், வீட்டுக்கு வரும் விருந்தினர் ஆகிய இவர்கள் நோயற்றிருந்தாற் குழந்தையும் நோயற்றிருக்கும். இவர்களே மதில், இம்மதிலில் ஒரு கல் பெயர்ந்தாலும் பகை உட்புகும்.

முப்பத்தோராம் நாள்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். மார்கழியிற் பிறந்த குழந்தை. தை மாதத்தில் முப்பத்தோராம் நாள். அதுவரை துடக்கென்று விலகியிருந்த சுற்றத்தார் யாவரும் அன்று திரண்டு வருகின்றனர். குழந்தையைக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுசென்று மீள்கின்றனர். பின்னர் தொட்டிலிடுதல், காப்பிடுதல், பெயர் சூட்டல், விருந்து எனப் பகல் முழுதும் கழிகின்றது. குழந்தை மடிக்கு மடி மாறுகின்றது. ஒருவர் கன்னத்தைக் கிள்ளுகின்றார். மற்றொருவர் உச்சி முகர்கின்றார். மூக்கை உறிஞ்சியவண்ணம் வந்த பெரியப்பா, "எனக்கு ஒன்றுமில்லை, சின்னத் தடிமன்தான்" என்று கூறிக்கொண்டே குழந்தையின் கையை எடுத்து முத்தமிடுகின்றார். மூன்றாம் நாட் குழந்தை பால் குடிக்க மறுக்கின்றது.

இங்கே தீயவர் எவரும் இலர். யாவரும் அன்பினாலேயே செய்தனர். குறை யாதெனின், அன்பு செல்லும் வழியே கிருமியும் செல்லும் என்பதை எண்ணாமையே.

துடக்கு என்னும் வழக்கத்தைப் பற்றி இக்காலத்திற் பலவாறு பேசப்படுகின்றது. பிள்ளைப்பேற்றைத் தீட்டெனக் கருதுவது அறிவுக்குப் பொருந்தாது; தாயை இருட்டறையில் ஒதுக்கி வைத்தலும் கேடே. எனினும், முப்பது நாள் அயலார் வந்து குழந்தையைத் தொடாதிருந்தமை அக்குழந்தைக்குப் பெரும் பயனை அளித்தது. தீட்டென்னும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒதுக்கத்தின் பயனை மாத்திரம் கைக்கொள்வோமாக. அற்றேல், முப்பத்தோராம் நாளிற் கூட்டத்தைக் கூட்டி, முப்பது நாட் பேணிய காப்பை ஒரு பகலில் இழந்தவர்களாவோம். அன்று குழந்தைக்கு ஐங்கூட்டு ஊசியும் தொடங்கியிருக்காது என்பதை நினைவிற் கொள்க. சடங்கை வீட்டாரளவிற் சுருக்கமாய் முடித்து, பெருவிருந்தைச் சில மாதங்கள் ஒத்திவைப்பதால் எத்தெய்வமும் வெகுளாது.

வருவோரிடம் வேண்டத்தக்கவை நான்கே. தடிமன், இருமல், காய்ச்சல் உள்ளவர் குணமடைந்த பின்னர் வருக. வந்தவர் சவர்க்காரமிட்டு இருபது விநாடியாவது கைகழுவிய பின்னரே குழந்தையைத் தொடுக. முகத்திலும் கையிலும் முத்தமிடுதலைத் தவிர்க்க. குழந்தை தன் கையை வாயிலிடும் ஆதலாற் கையில் இட்ட முத்தமும் வாயைச் சேரும். புகைபிடித்தவர் உடைமாற்றிக் கைகழுவாது தூக்காதிருக்க. கதவுப் பிடி, கைபேசி போன்ற வழுவழுப்பான பொருள்களில் இன்புளுவென்சாக் கிருமி ஒரு நாளுக்கு மேலும் உயிர்ப்புடன் தங்கவல்லது. ஆதலிற் கைகழுவுதல் வெறும் உபசாரமன்று. பள்ளியிலிருந்து வரும் தமையனும் தமக்கையும் சீருடையைக் களைந்து கைகால் கழுவிய பின்னரே தம்பியை அணுகுமாறு பழக்குதல் வேண்டும்.

இவற்றை யார் சொல்வது என்பதே பெருஞ் சிக்கல். பிள்ளை பெற்ற இளந்தாய் மாமியாரின் தமக்கையைப் பார்த்துக் "கைகழுவுங்கள்" என்று சொல்லத் துணியாள். சொன்னாற் பேச்சுக்கு ஆளாவாள். ஆகவே இது தந்தையின் கடமை. வாயிலில் நின்று, "பெரியம்மா, வாருங்கள். முதலிற் கைகழுவிவிட்டு வந்தாற் பிள்ளையை உங்கள் மடியிலே தருகிறேன். வைத்தியர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்" என்று இன்முகத்தோடு அவனே கூறுவானாக. பழி வைத்தியர்மேற் போகட்டும். அதை ஏற்க வைத்தியர்கள் அட்டி சொல்லார். வீட்டிலுள்ள பாட்டியார் தாமே முதலிற் கைகழுவிக் காட்டுவாராயின், பிறர்க்குச் சொல்லவேண்டிய தேவையே எழாது.

பாலும் வழக்கங்களும்

குழந்தைக்கு வெளியிலிருந்து தரத்தக்க முதற் காப்புத் தாய்ப்பால். பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஊட்டும் கடும்புப்பாலிலே நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. அதைப் பீய்ச்சி ஊற்றுதல் பொன்னை வீதியில் எறிதலை ஒக்கும். ஆறு மாதம் முடியும்வரை நீரும் வேண்டா, பாலே போதும். இலங்கைத் தாய்மார் இவ்விடயத்தில் உலகுக்கு முன்மாதிரியாவர். 2016 இன் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பாலை மாத்திரமே உண்டு வளர்ந்தனர். தாய்க்கே காய்ச்சல் கண்டால் யாது செய்வது? பாலை நிறுத்தல் கூடாது. நோயை எதிர்க்கத் தாயின் உடல் ஆக்கும் பொருள்கள் பாலினூடாகக் குழந்தையைச் சேரும். அவள் முகக்கவசம் அணிந்து, கைகழுவி ஊட்டுக. ஏனைய வேளைகளில் நோயற்ற மற்றொருவர் குழந்தையை வைத்திருப்பாராக.

சேனை வைத்தல் நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். நாவிலே தேன் தடவுதல் ஆபத்தானது. தேனிற் கலந்திருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியாவின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை விளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பெரியவர் ஒருவரின் விரல்வழியே சர்க்கரை நீர் ஊட்டுதலும் அவ்விரலிலுள்ள கிருமியை ஊட்டுதலாகவே முடியும். ஆசிக்காகவே செய்வதாயின், பெரியவர் கைகழுவிக் குழந்தையின் பாதத்தைத் தொட்டு வாழ்த்துவாராக.

நீராட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுதலும் அவ்வாறே. புகை எம்மணத்ததாயினும் சின்னஞ்சிறு சுவாசக் குழலை அரிக்கும். கற்பூரம், யூக்கலிப்டசு கலந்த தைலங்களைக் குழந்தையின் மூக்கருகிலும் மார்பிலும் பூசுதல் தீது. மூச்சு நின்றுபோதலும் கூடும். இருமற் பாணி, எஞ்சியிருந்த பழைய மருந்து, அயல்வீட்டார் தந்த குளிசை ஆகியன வைத்தியர் சொல்லாமற் கொடுக்கத்தக்கன அல்ல. மூக்கடைப்புக்கு வைத்தியர் தரும் உப்புநீர்த் துளிகளே ஏற்றவை.

குளிரிலிருந்து காத்தல் என்பது கம்பளிகளுட் புதைத்தலன்று. நாம் அணிவதிலும் ஒரு மடிப்புக் கூடுதலான ஆடை போதும். தலையிலிருந்து வெப்பம் மிகுதியாய் வெளியேறுமாதலிற் குளிர்ந்த இரவுகளில் தொப்பி இடுக. மெலிந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்பிலே தோலோடு தோல் சேர அணைத்திருத்தல் மிகச் சிறந்தது. கங்காரு முறை எனப்படும் இது 1978 இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரிலே வைத்தியர்களாற் கைக்கொள்ளப்பட்டு உலகெங்கும் பரவியது. பகலிற் சிறிது நேரமாவது சாளரத்தைத் திறந்து, காற்று நேரே குழந்தைமேற் படாதவாறு அறைக்குள் உலவவிடுக.

தோட்டப்புறத்துக் குழந்தை

கண்டி நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களை மறந்து இப்பொருளைப் பேசுதல் முறையன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறையிலே, விறகடுப்புப் புகையினிடையே, ஆறேழு பேரோடு வாழும் குடும்பத்திடம் "நோயாளியைத் தனியறையில் வைக்க" என்று கூறுதல் கேலியாகும். அங்கும் செய்யத்தக்கன சில உண்டு. அடுப்பெரியும் வேளையிற் குழந்தையை வெளித் திண்ணைக்கு எடுத்துச் செல்லலாம். இருமுபவர் தலைமாட்டிற் படுக்காது, அறையின் எதிர்மூலையிற் காலைக் குழந்தையின் பக்கம் நீட்டிப் படுக்கலாம். ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் வாயிலிலேயே வைக்கலாம்.

2018 இன் சட்டத் திருத்தத்தின் பின் ஒவ்வொரு பேற்றுக்கும் 84 நாள் மகப்பேற்று விடுமுறை உரியது. அது முடிந்து கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட நேர்கின்றது. அங்கே ஒரு குழந்தையின் தடிமன் யாவர்க்கும் தொற்றுவது எளிது. ஆதலின், முதல் ஊசி தவறாது இடப்பட்டிருத்தலும், நோயுற்ற குழந்தையை அன்று அங்குக் கொண்டுசெல்லாதிருத்தலும் இன்றியமையாதன. ஒரு நாட் சம்பளத்தை இழக்கமாட்டாத தாயிடம் இவ்விரண்டாவதைக் கேட்பது பெருந் தியாகத்தைக் கேட்பதாகும் என்பதை அறிவோம். நோயுற்ற குழந்தையின் தாய்க்கு ஊதியம் குறையாத ஓய்வைப் பெற்றுத் தருதல், தோட்ட நிருவாகங்களிலும் தொழிற்சங்கங்களிலும் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டிய அறம்.

ஆபத்துக் குறிகள்

இத்தனை காப்பையும் மீறி நோய் வரக்கூடும். அப்பொழுது காலந் தாழ்த்தாமையே காப்பு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் பின்வருவனவற்றுள் ஒன்று காணினும் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

1. உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியசோ (100.4 பாகை பரனைற்) அதற்கு மேலோ இருத்தல்.
2. உடல் 35.5 பாகை செல்சியசிற்கும் கீழாகக் குளிர்ந்திருத்தல். குளிர்தலும் காய்ச்சலைப் போன்றே கொடிய குறியாகும்.
3. பால் குடிக்க மறுத்தல், அல்லது எழுப்பியும் எழாது சோர்ந்து கிடத்தல்.
4. அமைதியாயிருக்கும்போது ஒரு முழு நிமிடத்திற் சுவாசம் 60 அல்லது அதற்கு மேல் இருத்தல்.
5. மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி ஆழமாய் உள்வாங்குதல், முனகுதல், இடையிடையே மூச்சு நின்றுவிடுதல்.
6. உதடும் நாவும் நீலநிறமாதல், வலிப்பு உண்டாதல்.

கண்டியிலுள்ளோர்க்குத் தேசிய வைத்தியசாலையும், பேராதனையிற் சிறுவர்க்கெனவே அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் அண்மையில் உள்ளன. வாகனமில்லாதோர் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். இவ்வெண்ணைத் தொட்டிலருகே சுவரில் எழுதி வைத்தல் நன்று. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் சிறு ஐயத்தையும் மறையாது கேட்க. குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துச் செல்ல மறவாதிருக்க.

மலேரியா தாண்டவமாடிய 1935 ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 263 பேர் முதற் பிறந்தநாளைக் காணாது மறைந்தனர். இன்று அத்தொகை ஒற்றை இலக்கமாகிவிட்டது. இம்மாற்றத்தில் உயர்ந்த மருந்துகளுக்குப் பங்குண்டு. மழையிலும் வெயிலிலும் வீடுவீடாய் நடந்த மருத்துவ மாதரின் பாதங்களுக்கும், எழுத்தறிந்த தாய்மாரின் கவனத்திற்கும் உள்ள பங்கு அதனினும் சிறிதன்று. எஞ்சிய சிலரைக் காக்கவேண்டிய பொறுப்பு இனி நம் கைகளில் உள்ளது. அக்கைகளைக் கழுவுவதில் அது தொடங்குகின்றது.

இவ்வாண்டு நம்மிற் சிலர் தந்தையராவர், பலர் பாட்டனாராவர். பேரனைக் காண ஆவலோடு செல்லும்போது, வாயிலிற் சற்றே நின்று கைகழுவுக. தடிமன் உளதாயின் தொலைவிலிருந்தே வாழ்த்தி மீள்க. குழந்தை தானே தவழ்ந்து வந்து நம் மடியிலேறிக் கன்னத்திலே எச்சில்பட முத்தமிடும் காலம் ஒன்று வரும். பதினோராந் திங்கள் தொலைவில் இல்லை. அதுவரை முதலிற் காப்பு, பின்னரே முத்தம்.